பத்து நாள் கெடு, பதில் எழுதத் தாள் இல்லை

இந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே! இது வக்கீல்களுக்கு எதிரான கூட்டம் என்று ஊரில் பேச்சாம். இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கான கூட்டம். இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்காவது தோன்றினால், அதை அவரவர் மனசாட்சி பார்த்துக்கொள்ளட்டும்.

சென்னையில் இட்லிக்கடை நடத்தும் ஒரு பெண்மணி. புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு ஒரு லட்ச ரூபாய் கடன் வாங்கினார். எழுபதாயிரம் திருப்பிக் கட்டிவிட்டார். கடன் கொடுத்தவர் தம் கைப்பட எழுதிய வரவுச் சீட்டுகள் ஒரு மஞ்சப்பையில் பத்திரமாக இருக்கின்றன. ஒருநாள் அமீனா சம்மனோடு வந்து நின்றார். பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் கோர்ட்டுக்கு ஓடினார். கவுன்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஒரு வக்கீலைப் பாருங்கம்மா." பார்த்தார். கேட்ட பீஸ், கடையின் ஒரு மாத வரும்படி. பணத்தைப் புரட்டுவதற்குள் கெடு தாண்டிவிட்டது. முழு ஒரு லட்சத்துக்கும் வட்டியும் செலவுத்தொகையும் சேர்த்து டிகிரி, அதாவது தீர்ப்பாணை. மஞ்சப்பையை யாரும் அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

இதைச் சும்மா விட்டுவிடலாமா?

அந்தச் சம்மனை வாங்கிப் படியுங்கள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், இணைப்பு 'பி', படிவம் 4. ஆர்டர் 37 என்கிற குறுக்குவழியில் போடப்படும் பண வழக்குகளுக்கு உரியது. மூச்சுவிட இடமில்லாத ஒரே வாக்கியத்தில், பத்து நாளுக்குள் தோற்றம் பதிவு செய்யாவிட்டால் வாதிக்கு டிகிரி கிடைக்கும் என்கிறது. பதிவு செய்தால் இன்னொரு சம்மன் வருமாம். அப்போது எதிர்வழக்காட அனுமதி கேட்கலாமாம். தோற்றம் பதிவு என்றால்? கோர்ட்டில் போய் நின்று முகத்தைக் காட்டினால் ஆயிற்று என்று அந்த அம்மாள் நினைத்தார். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

உண்மையில் சட்டம் கேட்பது என்ன? அதே ஆர்டர் 37, மூன்றாம் விதி. நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராவதாகத் தெரிவித்து, நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி தாக்கல் செய்ய வேண்டும். அன்றைக்கே எதிர்த்தரப்புக்கும் தகவல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்! வழக்கு எண், பெயர், முகவரி, கையெழுத்து. அரைப் பக்கம். ரேஷன் கார்டில் குழந்தை பெயர் சேர்க்கக்கூட இதைவிட நீளமாக எழுதுகிறோம். அந்த அரைப் பக்கத்தைத் தமிழில் அச்சடித்துச் சம்மனோடு பின் அடித்து அனுப்ப முடியாதா? மிரட்டத் தாள் அனுப்பத் தெரிந்தவர்களுக்குப் பதில் எழுதத் தாள் அனுப்பத் தெரியாதா?

கேட்டால், "ஒரு வக்கீலைப் பாருங்க."

வயிறு எரிவது இங்கேதான். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் புரட்டுங்கள். பெண்ணாக இருந்தால் போதும். வருமானம் என்ன என்ற கேள்வியே இல்லை, இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். "வக்கீலைப் பாருங்கம்மா" என்றாரே அந்த மனிதர், காசு வாங்காத வக்கீல் எந்த அறையில் கிடைப்பார் என்று ஒரு வார்த்தை கூடச் சொன்னாரா? படிவம் 4 சொல்கிறதா? வாதி கேட்கும் தொகைக்குக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். வட்டிக்கு இடம் உண்டு, செலவுத்தொகைக்கு இடம் உண்டு. ஐந்து இலக்கத்துக்கு இடமில்லை! மறதி என்பார்களா? இத்தனை வருஷமாகவா ஒரு மறதி?

"பாமரன் கையில் படிவத்தைக் கொடுத்தால் கேஸைத் தானே கெடுத்துக்கொள்வான்" என்கிறார் ஒரு வக்கீல் சங்கத் தலைவர். என்ன அக்கறை! பேசாமலே தோற்றுப்போவதைவிடக் கெடுக்க இனி என்ன இருக்கிறது? "படிவம் எளிதானால் வழக்கு குவிந்துவிடும்" என்கிறார் இன்னொருவர். ஐயா, வழக்குப் போட்டவர் வட்டிக்காரர். இந்த அம்மாள் பதில் சொல்லத்தான் வந்தார்.

இதெல்லாம் நேற்று முளைத்த பேச்சு அல்ல. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாக, அதாவது கீழ்க் கோர்ட் நீதிபதியாக, இருந்தவர். 1805 முதல் 1861 வரை வந்த மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று புத்தகமாகவே போட்டார். 1879இல் அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவல் வந்தபோதும் விடவில்லை. தமிழ் நீதிபதிக்கு முன்னால் தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதாடும் கூத்தைக் கதைக்குள்ளேயே வைத்துக் குத்தினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு முன்சீபுக்கே உறைத்த விஷயம் அது.

கோர்ட் மனசு வைத்தால் படிவமே தடையில்லை. திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, சக கைதிக்கு நடந்த சித்திரவதை பற்றி நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் தீர்ப்பும் சொன்னது. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்கே, டாக்கெட் ஷீட் எங்கே என்று கேட்கவில்லை. இங்கே நம்மூரில் தாமாக ஒரு மனு எழுதிப் போட்டுப் பாருங்கள். 'ஹவ் மெயின்டெயினபிள்?', அதாவது 'இது எப்படிச் செல்லும்?' என்று சிவப்பு மையில் கிறுக்கி ரிட்டர்ன் ஆகும். எதைத் திருத்த வேண்டும் என்று கேளுங்கள். பதில் உங்களுக்கே தெரியும்: "ஒரு வக்கீலைப் பாருங்க."

தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்று ஆறாம் பிரிவு கட்டளையிடுகிறது. அரசாங்கத்தையே கேள்வி கேட்க வருபவருக்கு உதவலாமாம். கடன் வழக்கில் பதில் சொல்ல வருபவருக்கு உதவினால் குடிமுழுகிவிடுமாம்!

நம் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நியாயமான தீர்மானம். டெல்லி தடுத்தது என்று இன்றுவரை மேடை மேடையாக முழங்குகிறார்கள், முழங்கட்டும். ஆனால் இந்தப் படிவத்தை மாற்ற டெல்லிக்கு ரயில் ஏறவே வேண்டாமே! நடைமுறைச் சட்டத்தின் 122ஆம் பிரிவுப்படி, முதல் அட்டவணையில் உள்ள விதிகளை அந்தந்த உயர் நீதிமன்றமே திருத்தலாம். 126ஆம் பிரிவுப்படி மாநில அரசு ஒப்புதல் கொடுத்தால் போதும். ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் கோட்டையில் இருக்கிறார், திருத்த வேண்டியவர் பாரிமுனையில் இருக்கிறார். நடந்தே போய்விடலாம்.

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இ-கோர்ட் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தொகை 7,210 கோடி. அதில் ஒரு அரைத்தாளுக்குக் காசு தேறாதா?

இந்த விதிகளை ஆராயும் குழுவில் யார் யார் என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்கிறது: உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூன்று பேர், வக்கீல்கள் இரண்டு பேர், கீழ்க் கோர்ட் நீதிபதி ஒருவர். சம்மன் வாங்கியவருக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. அதனால்தான் இந்தக் கூட்டம் ஒரே ஒரு தீர்மானம் போடுகிறது. படிவம் 4 எளிய தமிழில் வேண்டும். அதன் அடியிலேயே கிழித்து நிரப்பித் தரும்படியான ஆஜர் சீட்டு வேண்டும். அதன் தலையில் 15100 பெரிய எழுத்தில் வேண்டும். சீட்டின் மாதிரியை அச்சடித்து மேடைக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறார்கள். எடுத்துப் படியுங்கள், பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள். காரணம் சொல்லாமல் ரிட்டர்ன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.