கையாற் செய்த வானூர்தி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



றேடியோவினால் இயங்கும் சிறு விமானங்களை வீட்டிலே செய்து பறக்கவிடுவதைப் பற்றி நாங்கள் பேசப்போகிறோம் என்று அறிவித்தல் வெளிவந்ததும், "அது சிறுபிள்ளை விளையாட்டல்லவா, அதற்கும் ஒரு கூட்டமா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டதாகச் செயலாளர் கூறினார். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக முதலில் ஒரு கிழவரின் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மேனார்ட் ஹில் என்பவர் வாழ்ந்தார். தொழிலால் உலோகவியலாளர், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரயோக பௌதிக ஆய்வுகூடத்திற் பணி புரிந்தவர். ஓய்வு நேரமெல்லாம் சிறு விமானங் கட்டுவதிலேயே அவருக்குக் கழிந்தது. 1970ஆம் ஆண்டில் அவ்வாறான விமானமொன்றை 8,205 மீற்றர் உயரத்துக்கு ஏற்றி உலக சாதனை நிலைநாட்டினார். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்துக்கு ஏறத்தாழ 650 மீற்றரே குறைவு. முதுமை வந்து, கண்பார்வை பெரும்பாலும் மங்கி, செவியும் மந்தமாகிவிட்ட காலத்திலே அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. தாம் கட்டும் ஒரு சிறு விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க வேண்டும் என்பதே அது.

அத்தகைய சாதனைக்கு அன்றிருந்த சர்வதேச விதிப்படி மொடல் விமானத்தின் எடை, எரிபொருளோடு சேர்த்து, 5 கிலோவுக்கு மேற்படலாகாது. அந்த 5 கிலோவுக்குள்தான் உடலும் செட்டையும் எஞ்சினும் பற்றரியும் கடல் கடக்கும் எரிபொருளும் அடங்கவேண்டும். ஹில் அவர்களும் நண்பர்களும் பல்சா மரத்தால் உடல் கட்டி, மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் அதனைப் போர்த்தார்கள். செட்டையின் நீளம் ஆறடி. எஞ்சின் 10 சீசீ. நம் தெருவில் ஓடும் 100 சீசீ மோட்டார் சைக்கிளின் எஞ்சினிற் பத்திலொரு பங்கு. புறப்படும்போது விமானத்தின் மொத்த எடையில் ஏறக்குறைய அரைவாசி எரிபொருளாகவே இருந்தது.

அதற்கு முன்னர் அவர்கள் விட்ட விமானங்கள் அக்கரை சேரவில்லை. 2003 ஓகஸ்ட் 9ஆம் திகதி, கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையிலுள்ள கேப் ஸ்பியர் என்னும் முனையில் நின்று, 77 வயதான ஹில் அவர்கள் ஐந்தாவது விமானத்தைத் தம் கையாலேயே வீசிப் பறக்கவிட்டார். 38 மணி 52 நிமிடங்களின் பின், ஏறத்தாழ 3,030 கிலோமீற்றர் பறந்து, அயர்லாந்தின் கிளிப்டன் ஊருக்கருகே மானின் கடற்கரையில் அது இறங்கியது. அல்கொக், பிரௌன் என்ற இருவர் 1919இல் முதன்முதல் நில்லாமல் அத்திலாந்திக்கைக் கடந்து இறங்கியதும் அதே கிளிப்டனுக்கு அருகேதான். ஹில் அவர்களின் விமானத்தைக் கரையில் நின்று இறக்கியவரின் பெயரும் பிரௌன். இது தற்செயல், ஆயினும் கேட்க இனிமையாயிருக்கிறது.

உண்மையை மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். கடலின் நடுவில் எவரும் கைப்பெட்டி கொண்டு அதனை ஓட்டவில்லை. செய்மதி காட்டிய வழியை நோக்கித் தானாகவே திரும்பும் கருவி உள்ளே இருந்தது. றேடியோக் கட்டுப்பாடு புறப்பாட்டிலும் இறக்கத்திலுமே பயன்பட்டது. இதைக் கேட்டதும் எங்களில் ஒருவருக்குச் சற்றே ஏமாற்றம். மற்றவர்களுக்கு வியப்பு கூடியது. ஏனெனில் ஒரு மனிதன் கையால் திருத்த முடியாத இடத்தில், ஏறத்தாழ 39 மணி நேரம், விமானம் தன் சமநிலையைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எரிபொருட் கணக்கையும் பாருங்கள்: மணிக்கு ஏறத்தாழ 60 கிராம், அதாவது அரைத் தேநீர்க் கோப்பை. அந்த அளவில் நின்றுபோகாமல் ஓடும்படி எஞ்சினைப் பழக்குவதற்கே அவர்களுக்கு நீண்ட காலம் சென்றது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். பல்சா மரம் இங்கு விலை கூடியது, எளிதிற் கிடைப்பதுமில்லை. ஆகவே றெஜிபோம் பலகையை மெல்லியதாகச் சீவி, உள்ளே மூங்கிற் சலாகை வைத்துச் செட்டை செய்தோம். மோட்டர், பற்றரி, அனுப்பி, வாங்கி, சுக்கானை அசைக்கும் சேர்வோ என்பவற்றை மட்டும் விலைக்கு வாங்கினோம். மிஷன் பாடசாலையில் எங்களுக்குப் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர் எதையும் அளந்து கொப்பியில் எழுதாமற் செய்யவிடார். அந்தப் பழக்கத்தால் ஒவ்வொரு துண்டையும் நிறுத்து எழுதினோம். பசைக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. எல்லாஞ் சேர்ந்து 700 கிராமுக்குச் சற்றுக் கூட.

பட்டங் கட்டத் தெரிந்தவர்களுக்கு விமானத்தின் முதற் பாடம் முன்னரே தெரியும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்கள் நம்மிற் பலர். எவ்வளவு அழகாகக் கட்டினாலும் முச்சை சரியில்லாவிட்டால் பட்டம் சுழன்று குத்தும் அல்லவா? விமானத்துக்கு முச்சை கிடையாது. அதன் இடத்தில் நிற்பது பாரமையம். செட்டையின் அகலம் 20 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்விளிம்பிலிருந்து 5 அல்லது 6 சென்ரிமீற்றர் பின்னே இரு விரல் நுனிகளை வைத்து விமானத்தைத் தூக்கினால் அது மட்டமாக நிற்கவேண்டும். வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னே தள்ளவேண்டும். பின்பாரமான விமானம் சிறிய அசைவுக்கும் மூக்கை மேலே நிமிர்த்தி, வேகமிழந்து, கல்லைப்போல விழும். முன்பாரம் சற்றுக் கூடினால் சோம்பேறியாகப் பறக்கும், உடையாமலாவது இறங்கும். நாங்கள் பற்றரியை நகர்த்தி நகர்த்தி இந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. ஹில் அவர்களின் விமானத்தில் எரிபொருட் தாங்கி எங்கே இருந்திருக்கவேண்டும் என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. பாதி எடை எரிந்து தீரும்போது பாரமையம் இடம் மாறலாகாதே!

றேடியோவின் வரலாறு நீண்டது. ஒன்றை மட்டும் தொட்டுச் செல்வோம். 1937இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள், எங்களைப் போன்ற மாணவர்களாயிருக்கையில், "கஃப்" என்று பெயரிட்ட விமானத்தை றேடியோவால் ஓட்டினார்கள். ஒருவர் விமானத்தைக் கட்டினார், மற்றவர் றேடியோவைக் கட்டினார். அது இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய வான், விண்வெளி நூதனசாலையின் சொத்து. அக்காலத்து றேடியோவுக்குச் சுக்கானைத் தள்ளும் வலு இல்லை. முறுக்கிய றப்பர்ப் பட்டி வலுவைக் கொடுக்கும்; றேடியோ அதன் பூட்டை மாத்திரம் திறந்துவிடும். அதன்பின் நெடுங்காலம், ஒரே அலைவரிசையில் இருவர் பெட்டியைத் திறந்தால் இருவருடைய விமானமும் தடுமாறும் நிலை இருந்தது. இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் தம்முள் கலந்துகொள்ளாமல் அலைவரிசை மாறி மாறிப் பேசுகின்றன. தொடர்பு அறுந்தால் மோட்டரை நிறுத்திவிடும்படியும் வாங்கியைப் பழக்கலாம். அதைச் செய்யாமல் நாங்கள் விமானத்தை வெளியே எடுப்பதில்லை.

கற்பதற்குக் கடினமானது வேறொன்று. விமானம் நம்மைவிட்டுப் போகும்போது அதன் வலம் நமக்கும் வலம். நம்மை நோக்கித் திரும்பியதும் அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். மூளைக்குத் தெரிந்த இதனை விரல்கள் ஏற்றுக்கொள்ள வாரங்கள் பிடிக்கின்றன. ஆதலால் இளைஞர்கள் முதலிற் கணினியிலே பழகிக்கொள்வது நன்று. அங்கே உடைவதற்குச் செலவில்லை.

இப்பொழுது பெரியோர்களிடம் ஒரு சொல்.

போர் 2009இல் முடிந்தபோது நாங்கள் சிறு குழந்தைகள். வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்கு தெரியும். வன்னியில் இருந்தவர்கள் ஆளில்லாத வேவு விமானத்தை "வண்டு" என்று அழைத்தார்கள். எங்கள் விமானத்தின் மோட்டரும் ஏறத்தாழ அப்படித்தான் இரைகிறது. முதல் நாள் மோட்டரை ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்கையில் நின்ற ஆச்சி ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மோட்டரை நிறுத்திவிட்டு விமானத்தை அவரிடமே கொண்டுபோனோம். கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "இது என்ன மோனை, றெஜிபோமோ?" என்றார். பின்பு, "பறக்கவிட முதல் எனக்கொருக்காச் சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அதிலிருந்து சுற்றியுள்ள வீடுகளுக்கு முதல்நாளே அறிவிக்கிறோம். கமரா எதுவும் விமானத்திற் பொருத்துவதில்லை என்று எங்களுக்குள் தீர்மானித்திருக்கிறோம். கமராவின் படம் அழகாயிருக்கும் என்று நண்பர்கள் சிலர் வாதாடினார்கள். பிறர் முற்றத்தை மேலிருந்து பார்க்க எங்களுக்கு என்ன உரிமை என்பதே எங்கள் எண்ணம். ஆளில்லா விமானங்கள் நம் நாட்டிற் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டவை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் அவை பறப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே விதிகளைக் கேட்டறிந்து, வேண்டிய அனுமதியைப் பெற்ற பின்னரே மோட்டரோடு பறப்போம்.

இதற்கு இடந்தான் இல்லை. வீடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் தூரமாக, அறுவடை முடிந்த வயலொன்று போதும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை. வயலுடைய அன்பர் எவரேனும் இசைந்தால் நாங்களே வந்து கேட்போம். கோயிற் திருவிழா நாட்களில் வரமாட்டோம்.

அதுவரையில் மோட்டர் இல்லாமல், கையால் வீசி வழுக்கிப் பறக்கவிடும் சோதனையைச் சங்க மைதானத்தில் வருகிற சனிக்கிழமை தொடங்குகிறோம். அதற்குச் சத்தமும் இல்லை, றேடியோவும் வேண்டியதில்லை. ஆச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு கதிரை போடவேண்டும். காற்று மிகுந்திருந்தால் அடுத்த சனிக்கிழமை.