விற்றது போக வீட்டுக்கும் வேர்க்கடலை

சத்துவாச்சாரியைச் சுற்றியும், விரிஞ்சிபுரம், குடியாத்தம் பக்கமும் மானாவாரி நிலம் என்றால் வேர்க்கடலைதான். மல்லாட்டை என்றாலும் மணிலாக்கொட்டை என்றாலும் எல்லாம் ஒன்றே. ஆனால் பாருங்கள், களத்தில் காய்ந்ததும் மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்பிவிடுகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது சுருங்கின பருப்பும் பூசணம் பிடித்த பருப்பும்தான். இது சரிதானா என்று இன்று சற்று யோசிப்போம்.

வேர்க்கடலைப் பருப்பு 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. பாதிக்குச் சற்றுக் குறைய எண்ணெய். அமெரிக்காவில் பீகான் என்று ஒரு மரக்கொட்டையைப் பெரிதாகச் சொல்கிறார்கள். அதில் எண்ணெய் கூடுதல்தான். ஆனால் புரதம் 100 கிராமுக்கு 9 கிராம் அளவே. விலை உயர்ந்த கொட்டையில் இல்லாத புரதம் நம் கொல்லையில் விளைகிறது!

ஒரு குறையும் உண்டு. வேர்க்கடலைப் புரதத்தில் லைசின் என்ற சத்து கம்மி. பருப்பு வகைகளில் அது நிறைய. ஆகவே பொட்டுக்கடலையோடு சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பல்நோக்கு உணவிலும் எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு முக்கால் பங்கு, கடலைப்பருப்பு மாவு கால் பங்கு. நம் வீட்டுச் சட்னியில் வேர்க்கடலையோடு ஒரு பிடி பொட்டுக்கடலை போட்டு அரைப்பதும் இதே கணக்குத்தான்.

நம் பக்கத்துச் சிமிலியை மறக்கலாமா? கேழ்வரகு மாவு இரண்டு பங்கு எடுத்து, உப்புப் போட்டுப் பிசைந்து அடையாகச் சுடுங்கள். ஆறியதும் பிய்த்து உரலில் போட்டு, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு பங்கு, வெல்லம் ஒரு பங்கு சேர்த்து இடித்து உருண்டை பிடியுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆம்பூர், இராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியலில் கிளம்பும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கில் இரண்டு உருண்டை வைத்துக்கொண்டால் பொழுது சாயும் வரை தெம்பு இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு முழுப்பருப்பு கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இடித்தோ அரைத்தோ கொடுங்கள். சிலருக்கு வேர்க்கடலை ஒவ்வாது. உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

இனி முக்கியமான விஷயம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் விட்ட நஞ்சுதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயர். மனிதருக்கும் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரலாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலிலும் இறங்கும். ஆகவே பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போடுவோம் என்பதும் தவறு, செக்கில் ஆட்டுவோம் என்பதும் தவறு.

ஆடியில் விதைத்தது ஐப்பசி மழையில் அறுவடைக்கு வரும். பிடுங்கிய செடியை ஈரத்தில் குவித்து வைக்காதீர்கள். காய் மேலே தெரியும்படி பரப்பிக் காயவையுங்கள். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் கேட்கவேண்டும். தேய்த்தால் தோல் உரியவேண்டும். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பூசணத்துக்கு அதுவே விருந்து. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

இந்த முறை மண்டிக்கு அனுப்பும் முன் நல்ல காயாக ஒரு மூட்டையை வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். காயாகவே வைத்திருந்து, வேண்டும்போது உடைத்துக்கொள்ளுங்கள். விளைவித்தவன் பிள்ளைக்கு முதல் தரம்; அப்புறம்தான் மற்றவர்களுக்கு.