ஆடுவோர்க்கு ஓர் அரங்கு



சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள், மாதவியை ஆடவிடுவதற்கு முன்பே அவள் ஆடும் அரங்கை அளந்து காட்டிவிடுகிறார். 24 விரல் அளவுள்ள கோலினால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்பது அவர் தரும் கணக்கு. தூணின் நிழல் இடையூறு செய்யாதபடி விளக்கு அமைய வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. ஆடலின் சிறப்பில் அரங்குக்கும் பங்குண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று நம் ஆடற் கலைஞர் கேட்பதும் அதுவே.

யாழ்ப்பாணத்தில் அரங்கே இல்லை என்று எவரும் கூறார். வீரசிங்கம் மண்டபம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. போரினால் நகர மண்டபத்தை இழந்த அந்நகரில், இந்திய உதவியுடன் எழுந்த பண்பாட்டு மையம் 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. 2025இல் அது திருவள்ளுவர் பெயரைப் பெற்றது. அதன் அரங்கில் ஏறத்தாழ 600 பேர் அமரலாம். அவ்வாறிருக்க, ஆடுவோர் இன்னும் இடம் தேடுவானேன்?

அரங்கேற்றம் என்றால் பெற்றோர் எப்படியோ பொருள் தேடிப் பெருமண்டபம் எடுத்துவிடுவர். மறு ஆண்டு அதே பெண், ஒரு மணி நேரம், நூறு பேர் முன்னிலையில் ஆட விரும்பினால் எங்கே ஆடுவாள்? பெருமண்டபத்தின் செலவை அவளால் தாங்க முடியாது; நாற்காலிகளும் வெறுமையாய்க் கிடக்கும். பத்தாண்டுப் பயிற்சி ஒரே மாலையுடன் முடிந்து, சலங்கை பெட்டிக்குள் போய்விடுகிறது.

அடுத்தது தளம். அரைமண்டியில் அமர்ந்து தட்டடவு செய்யும் கால், சீமெந்துத் தரையில் மோதும்போது அந்த அதிர்ச்சி முழங்காலைத் தாக்குகிறது. மரச்சட்டங்களின்மேல் பலகை பரப்பிய தளம் அதனைத் தணிக்கும். மேடை தாழ்ந்து, இருக்கைகளும் சமதரையில் இருந்தால், பின்வரிசையில் இருப்போர் ஆடுபவளின் முகத்தைக் காண்பரேயன்றிப் பாதத்தைக் காணார். பாதம் தெரியாத பரதம் பாதிப் பரதமே.

கூத்தருடைய தேவை வேறு. மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் வட்டக்களரியில், சுற்றிவர மக்கள் சூழ்ந்திருக்க ஆடப்பட்டவை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை நவீன மேடைக்கு ஏற்றியபோது கூத்துக்குப் புதிய மதிப்புக் கிடைத்தது. ஆயினும் ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில் வட்டமாய்ச் சுழலும் ஆட்டம் முன்நோக்கி ஆட நேர்கிறது. ஆதலால் களரிக்கென ஒரு திறந்த வெளியும் நமக்கு வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் புதிய மாளிகைகள் எழுப்ப வேண்டுவதில்லை. நம் ஊர்களில் பாடசாலை மண்டபங்கள் உண்டு. கோயில் மண்டபங்கள் உண்டு. சனசமூக நிலையங்களும் அவற்றின் முற்றங்களும் உண்டு. அயலூர்கள் சில ஒன்றுகூடி, கழற்றிப் பூட்டத்தக்க பலகைத் தளம் ஒன்றைச் செய்வித்தால் அதனை முறைவைத்துப் பயன்படுத்தலாம். மண்டபப் பொறுப்பாளர் மாதத்தில் ஒரு மாலையைக் குறைந்த கட்டணத்தில் ஆடலுக்கு ஒதுக்கலாம். நிகழ்ச்சிக்கு முதல்நாள் ஒத்திகைக்கும் கதவைத் திறந்து விடலாம். மேடையின் அகல நீளம் அறியாமல் ஆடுபவர், ஆட்டத்தை விட்டு எல்லையையே நினைத்துக்கொண்டிருப்பார்.

நம் பிள்ளைகளுக்கு ஆடலைக் கற்பிக்கப் பெரும்பொருள் செலவிடுகிறோம். கற்றதை ஆடுவதற்கு ஓர் இடமும் கொடுப்போமாக.