முதல் என்னும் சொல்லும் துண்டு என்னும் சொல்லும்

(மாணவர் ஆய்வரங்கில் நிகழ்ந்த பேச்சின் எழுத்து வடிவம்)

 

ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் மாணவர்முன் நான்கு வாயில்கள் திறந்து கிடக்கின்றன. குமுகாயம், வரலாறு, மொழி, வணிகம் என்பன அவை. முதல் வாயிலில் நுழைபவர் சாதியின் கொடுமையை எழுதுகிறார். இரண்டாம் வாயிலில் நுழைபவர் அரசர் பெயர்களையும் போர்களையும் அடுக்குகிறார். மூன்றாம் வாயிலில் நுழைபவர் மொழியின் தொன்மையைப் புகழ்கிறார். நான்காம் வாயிலில் நுழைபவரோ ஆங்கிலப் பாடநூலில் உள்ளதை வரி பிசகாமல் படியெடுக்கிறார். நால்வரும் ஒரே விடுதியில் உண்டு உறங்கினாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதில்லை. கட்டுரைகள் மதிப்பெண் பெறுகின்றன. பின்னர் அலமாரியில் தூசு பெறுகின்றன.

வாழ்க்கை இவ்வாறு நான்கு துறையாகப் பிளந்து கிடக்கவில்லை. ஒரு கடையில் இருவர் விலை பேசும்பொழுது அங்கே வணிகம் நடக்கிறது, பேசுவது மொழி, இவர் விற்பவராகவும் அவர் வாங்குபவராகவும் ஆனது குமுகாய அமைப்பு, அக்கடை அவ்விடத்தில் அமைந்தது வரலாறு. இவற்றைத் தனித்தனியே கற்பவர் யானையைத் தடவிய குருடர் போலாவர். நான்கையும் ஒருங்கே கற்க விரும்பும் மாணவர்க்குக் கடல் கடந்து கிடக்கும் தமிழ்க் கல்வெட்டுகளினும் சிறந்த பாடநூல் வேறில்லை.

தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில், கிராபி மாநிலத்தில், குவான் லுக் பட் என்றோர் ஊர். அங்கே சிறியதோர் உரைகல் கிடைத்தது. அதன்மேல் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. பெரும்பத்தனுடைய கல் என்பது அதன் பொருள். பொன்வினைஞரைப் பத்தர் என்று அழைக்கும் வழக்கு இன்றும் தமிழகத்தில் உண்டு.

மூன்றே சொற்கள்! பொன்னின் மாற்று அறிய உரைகல் வேண்டியிருந்தது என்பது வணிகச் செய்தி. கடல் கடந்தவர் அரசர் மட்டுமல்லர், கைவினைஞரும் கடந்தனர் என்பது குமுகாயச் செய்தி. தன் உடைமையைத் தன் மொழியில், தன் எழுத்தில் குறித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பொற்கொல்லன் எழுத்தறிவோடு தொடர்பு கொண்டிருந்தான் என்பது மொழிச் செய்தி. இம்மூன்றும் சேர்ந்ததே வரலாறு. பெரும்பத்தன் எந்தப் போரிலும் வெல்லவில்லை. எந்தப் புலவரும் அவனைப் பாடவில்லை. ஆயினும் அவன் கல் நின்று பேசுகிறது.

அதே கடற்கரையில் வடக்கே தக்குவாபா என்னும் இடம் உள்ளது. அங்குக் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்னும் பெயரால் குளம் ஒன்று தோண்டப்பட்டதைச் சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் சிறப்புப் பெயர். அக்குளம் மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்டது. மணிக்கிராமத்தார் வணிகர் குழுவினர், சேனாமுகத்தார் படையினர். இன்று வந்து நாளை போகிறவன் குளம் வெட்டமாட்டான். தங்கி வாழ எண்ணியவனே நீருக்கு வழி செய்வான். வணிகனும் படைஞனும் ஒரே குளத்தைக் காத்தனர் என்றால், அந்நாளில் பண்டமும் வாளும் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்துச் சுமத்திராவின் மேலைக் கடற்கரைக்குச் செல்வோர் பாரூசு என்னும் துறையைக் காண்பர். சூடத்திற்குப் பெயர் பெற்ற துறை அது. அதனருகே லோபு துவா என்னுமிடத்தில் 1873இல் உடைந்த கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 1932இல் நீலகண்ட சாத்திரியார் அதைப் பற்றி எழுதினார், பின்னாளில் எ. சுப்பராயலு அதனை மீண்டும் ஆய்ந்து தெளிவாகப் படித்தார். சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088இல், 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகப் பெருங்குழு அங்குக் கூடி எடுத்த முடிவை அக்கல் தமிழில் கூறுகிறது. துறைக்கு வரும் மரக்கலத் தலைவர் முதலியோர் கத்தூரியின் விலையைக் கணக்கிட்டு, உரிய ஆயத்தைப் பொன்னாகச் செலுத்த வேண்டும் என்பதே அம்முடிவு. துறையில் கால்வைக்கும் ஒழுங்கையும், பண்டத்துக்குரிய கட்டணத்தையும், கூடிப் பேசி, எழுதி, கல்லில் நட்டுள்ளனர். இன்று வணிகக் கல்லூரியில் தீர்மானம், கட்டணம், உறுப்பினர் கடமை என ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவன யாவும் 900 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் எழுதப்பட்டுக் கடல்கடந்த துறை ஒன்றில் ஆட்சி செய்தன.

சீனத்துச் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அதன் ஈற்றில் சீன எழுத்தும் உண்டு. மங்கோலியப் பேரரசன் குப்ளாய் ஆண்ட காலம் அது. அங்கே சிவன் கோயில் எழுப்பப்பட்டதை அக்கல் சொல்கிறது. இலங்கையின் காலித் துறையில் 1911இல் கிடைத்த கல்லோ இன்னும் வியப்புடையது. சீனக் கடற்படைத் தலைவன் செங் கோ கொணர்ந்து நாட்டிய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரைத் திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியைப் போற்றுகிறது. இந்தியக் கடலில் கேட்போரை அடைய வேண்டுமானால் தமிழும் வேண்டும் என்று அந்நிய நாட்டான் ஒருவன் அறிந்திருந்தான். அதைத் தமிழ்நாட்டு வணிகர் இன்று அறிந்திருக்கின்றனரா என்பதே கேள்வி.

கல்லை விட்டுச் சொல்லுக்கு வருக. தமிழ்ச் சொற்கள் பல அக்கப்பல்களிலேயே மலாய் மொழிக்குச் சென்றன. கப்பல் அங்கே 'காப்பால்'; கடை அங்கே 'கெடாய்'; பெட்டி அங்கே 'பெத்தி'. இவற்றுள் மிகவும் எண்ணத்தக்கது 'மோடால்' என்னும் சொல். தொழிலுக்கு இடும் பொருளைக் குறிக்கும் அச்சொல் தமிழின் 'முதல்' என்பதேயாகும். இந்தோனேசியாவில் இன்று பங்குகளும் கடன் பத்திரங்களும் கைமாறும் சந்தைக்கு அந்நாட்டார் இட்டிருக்கும் பெயர் 'பாசார் மோடால்'. தமிழன் கொடுத்த சொல் அந்நாட்டின் பங்குச் சந்தையில் அமர்ந்து ஆட்சி செய்கிறது. தமிழ்நாட்டிலோ அது பாடநூலில் 'மூலதனம்' என்றும், கடையில் 'கேப்பிட்டல்' என்றும் வேறு சட்டை மாட்டிக்கொண்டது. முதல் போட்டவன், முதலுக்கே மோசம், முதலாளி என்னும் வழக்குகளில் மட்டும் பழைய சொல் ஒதுங்கி நிற்கிறது. இரவல் கொடுத்தவன் வறியவனாகவும் வாங்கியவன் செல்வனாகவும் ஆன கதை இது.

ஆனால் பெருமை பேசுவதோடு ஆய்வு முடிந்துவிடுமாயின் அது ஆய்வாகாது, மேளமே ஆகும். 'முதல்' சென்ற கடல்வழியிலேயே பிற்காலத்தில் வேறொரு சொல்லும் சென்றது. அது 'துண்டு'.

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு ஏழையர் அழைத்துச் செல்லப்பட்டனர். அழைத்துச் சென்றவர் கங்காணி. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளர் தலையில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு ஆட்கள் மாற வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன் என்று தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதித் தருவான். அச்சீட்டுக்கே துண்டு என்று பெயர். ஆங்கிலேயரின் அலுவல் தாள்களிலும் அது தமிழ்ச் சொல்லாகவே இடம்பெற்றது. மனிதரின் விலையைத் தாங்கிய அத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. பாரூசில் தமிழ் ஆயம் வாங்கிய மொழி. தேயிலைத் தோட்டத்தில் தமிழ் அடிமைச் சீட்டுக்குப் பெயர் தந்த மொழி. இரண்டையும் சேர்த்துப் படிப்பவனே வரலாறு படித்தவன்.

பருமாவின் செய்தியும் அத்தகையதே. செட்டிநாட்டு நகரத்தார் அங்கே நெல் வேளாண்மைக்குக் கடன் கொடுத்தனர். அவர்கள் முதலின்றிக் கீழ்ப்பருமாவின் சதுப்பு நிலம் நெற்களஞ்சியமாகி இராது. ஆயினும் 1930இல் நெல் விலை சரிந்தபொழுது கடன் திரும்பவில்லை; அடகு வைத்த நிலமே திரும்பியது. முதன்மையான 13 நெல் மாவட்டங்களின் பயிர்நிலத்தில் 1930இல் 6 விழுக்காடு அவர்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடாயிற்று. நிலம் இழந்த பருமிய உழவனுக்கு உலகச் சந்தை தெரியவில்லை. வட்டிக் கடைக்காரனே தெரிந்தான். பகை மூண்டது. 1942இல் சப்பானியர் படையெடுப்பின்போது தமிழர் பல்லாயிரவர் வெளியேறினர். விடுதலை பெற்ற பருமா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. முதல் தந்தவன் நன்மை செய்தானா தீமை செய்தானா என்னும் வினாவிற்கு ஒரு சொல்லில் விடை இல்லை. அத்தகைய வினாவே ஆய்வுக்குரிய வினா.

மாணவர்களே! இத்துறையில் இறங்குவோர் மிகைபடக் கூறாதிருத்தல் வேண்டும். ஐந்நூற்றுவர் குழுவின் பெயர் கன்னட நாட்டு ஐகொளெயோடு தொடர்புடையது. அக்குழுவினர் அனைவரும் தமிழர் என்று எழுதுவது பிழை. முசிறியோடு நடந்த வணிகத்துக்கான புகழ்பெற்ற கடன் உடன்படிக்கை, வியன்னா நகரில் உள்ள 2ஆம் நூற்றாண்டுத் தாள், கிரேக்க மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. உலக வணிகம் முழுவதும் தமிழில் நடந்ததென்று முழங்குவோர், உள்ள சான்றையும் நகைப்புக்கு இடமாக்குகின்றனர். பொய்யால் உயர்த்தப்படும் மொழி பொய் வெளிப்படும் நாளில் தலை கவிழும். தமிழுக்கு அந்நிலை வேண்டா. அதற்கு மெய்யே போதும்.

கட்டுரைக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று இனி எவரும் சொல்ல வேண்டுவதில்லை. ஊரில் உள்ள பழைய கடை ஒன்றின் கணக்கேடுகளைக் கேட்டுப் பெறுங்கள். பற்று, வரவு, இருப்பு, தவணை, கைமாற்று என்னும் சொற்கள் எந்த ஆண்டுவரை தமிழில் எழுதப்பட்டன, எந்த ஆண்டில் ஆங்கிலம் புகுந்தது என்று பாருங்கள். புகுந்த ஆண்டில் அக்கடையில் வேறு என்ன மாறியது என்று கேளுங்கள். கடன் வாங்கியோர் எச்சாதியார், எத்தெருவினர் என்று குறியுங்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்தோ பருமாவிலிருந்தோ திரும்பிய குடும்பத்து முதியோர் இருப்பின், அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் மறைந்தபின் அந்தச் சான்று எந்த நூலகத்திலும் கிடைக்காது.

அக்கட்டுரையைத் தமிழில் எழுதுங்கள். வணிகத்தைத் தமிழில் எழுத முடியுமா என்று எவரேனும் கேட்டால், விடை சொல்லி நேரம் போக்க வேண்டா. பாரூசில் கிடந்த கல்லைக் காட்டுங்கள். 1088இல் முடிந்தது இன்று முடியாதெனில், குறை மொழியினுடையதன்று.