கணக்கை முடிங்க, அப்புறம் கடப்பாரையை எடுங்க!

(‘அகழாய்வுக்கு ஒதுக்கும் பணம் முதலில் போய்ச் சேர வேண்டியது புதிய குழிக்கா, பழைய குழியின் அறிக்கைக்கா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘அறிக்கைக்கே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவி அம்மா உருக்கமாப் பேசினாங்க. “செங்கல் சூளைக்காரன் மண்ணை அள்ளுறான், பிளாட் போடுறவன் மேட்டைச் சமன் பண்றான், அதுக்குள்ள தோண்டி எடுக்க வேண்டாமா?”ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. நானும் கை தட்டினேன். ஆனா, ‘தோண்டி எடுத்ததை என்ன பண்ணினீங்க?’ன்னு நான் கேட்டா மட்டும் ஏன் எல்லாரும் கூரையைப் பார்க்கறீங்க? (சிரிப்பு)

ஐயா, அகழாய்வு என்பது ஒரு விசித்திரமான புத்தகம். ஒரு பக்கத்தைப் படிச்சு முடிச்சதும் அந்தப் பக்கம் சாம்பலாயிடும். ஒரு தடவை வெட்டின மண் அடுக்கை மறுபடியும் வெட்ட முடியாது. எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்ற குறிப்பு இருந்தால்தான் அது வரலாறு. குறிப்பு இல்லைன்னா? நம்ம பிள்ளைங்க பாண்டி ஆடுற ஓட்டாஞ்சில்லு! (கைதட்டல்)

தாமிரபரணிக் கரைக்கு வாங்க. ஆதிச்சநல்லூர், 114 ஏக்கர் பரம்பு. 1876-ல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் தோண்டினார், பொருள் பெர்லினுக்குப் போச்சு. 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்கப் பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு ஆயுதம் எல்லாம் எடுத்தார். அதுக்கான பட்டியல் 1915-லதான் அச்சாச்சு. போகட்டும், வெள்ளைக்காரன் காலம்.

நம்ம காலத்துக்கு வருவோம். 2004-லயும் 2005-லயும் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. 150-க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் கிடைச்சது. பேப்பர்ல படம் வந்தது, நாமளும் பெருமைப்பட்டோம். அறிக்கை வந்ததா? வரலை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லைங்க, பத்து வருஷம் தாண்டியும் வரலை. கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்குப் போச்சு. அதுக்கப்புறம்தான் மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போச்சு. 2019-ல் கோர்ட்டில் முடிவைச் சொன்னாங்க: ஒரு மாதிரி கி.மு. 905, இன்னொன்று கி.மு. 696. ரத்தம் எடுத்தது 2005-ல், ரிசல்ட் வந்தது 2019-ல்! நோயாளி மூவாயிரம் வருஷமா படுத்திருக்கிறவராப் போயிட்டார், அதனால தப்பிச்சோம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அவர் எழுந்திரிச்சுக் கேட்க மாட்டார்ங்கிற தைரியம்தான்!

அதேதான் ஐயா! அவர் கேட்க மாட்டார். அதனால நாம கேட்கணும்.

இது ஒரு ஊர்க் கதை இல்லை. சோழன் தலைநகர் உறையூரைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை தோண்டியது. அறிக்கை 1988-ல். காவிரிப்பூம்பட்டினத்தில் 1963 முதல் 1973 வரை நடந்த வேலைக்கு அறிக்கை 1994-ல். அப்பப் பிறந்த பிள்ளைக்குக் கல்யாண வயசே வந்தாச்சு!

முடியாதா? முடியும். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். 1946-ல் அறிக்கை அச்சாச்சு. அப்ப கம்ப்யூட்டரா இருந்தது? கீழடியையே எடுத்துக்கோங்க. 2018-ல் நடந்த நாலாம் கட்டத்துக்கு மாநிலத் தொல்லியல் துறை 2019-லேயே நூல் போட்டது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற கணக்கு பள்ளிக்கூடப் பிள்ளை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்ப எங்கே சிக்கல்? நான் எந்த அதிகாரியையும் குறை சொல்லலை. தோண்டும்போது கூலி கொடுக்கப் பணம் ஒதுக்குறோம். குழியை மூடினதும் பணத்தையும் மூடிடறோம். ஆனா நிஜமான வேலை அப்பத்தான் ஆரம்பிக்குது. ஓடுகளைக் கழுவணும், ஒவ்வொண்ணுக்கும் எண் போடணும், ஓவியர் வரையணும், எலும்பு தெரிஞ்சவர் எலும்பைப் பார்க்கணும், கரித்துண்டு ஆய்வகத்துக்குப் போகணும், அப்புறம் ஒருத்தர் உட்கார்ந்து எழுதணும். இதுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பா? அதுக்குள்ள தலைமை தாங்கினவர் மாறுதலில் போவார், ஓய்வு பெறுவார். அவர் காலமாயிட்டா, அவர் கையெழுத்தைப் படிக்கவும் ஆள் இருக்காது. அந்த ஊர் ரெண்டாம் தடவையும் புதையும். இந்தத் தடவை தோண்டி எடுக்க மண்ணே கிடையாது!

அமெரிக்காவில் லியோன் லெவி, ஷெல்பி வைட்னு ஒரு தம்பதி. 1985-ல் தொடங்கின அஷ்கெலோன் அகழாய்வுக்குப் பணம் கொடுத்தவங்க. தோண்டப் பணம் கொடுத்தவங்களுக்குத்தானே தெரியும், எழுதப் பணம் இல்லைன்னு! 1997-ல் ஹார்வர்டில் ஒரு திட்டம் தொடங்கினாங்க. வேலை முடிஞ்சு, அறிக்கை வராமக் கிடக்கிற அகழாய்வுகளுக்கு மட்டும்தான் அதில் உதவி. மேற்கு ஆசியா, மத்தியதரைக் கடல் பக்கத்து ஊர்களுக்குக் கிடைக்குது. நம்ம ஊர்ப் பணக்காரர்கள் கோயிலில் டியூப் லைட்டுக்குப் பேர் எழுதறாங்களே, ஒரு அறிக்கையின் முதல் பக்கத்தில் பேர் எழுதக் கூடாதா? (கைதட்டல்)

எதிரணி அம்மாவுக்கு என் பதில் இதுதான். சூளைக்காரன் அள்ளினாலும் அழிவு, தோண்டிட்டு எழுதாம விட்டாலும் அழிவு. முதல் அழிவைத் தடுக்கச் சட்டம் போடுங்க, வேலி போடுங்க. அவசரம்னா தோண்டவும் தோண்டுங்க. ஆனா மண்வெட்டிக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினா, பேனாவுக்கும் ஒரு ரூபாய் சேர்த்தே ஒதுக்குங்க. ஓய்வு பெற்றவருக்கு மதிப்பூதியம் கொடுத்து, கூட ரெண்டு இளைஞர்களை உட்கார வையுங்க. பழைய கணக்கை முடிக்காதவருக்குப் புதுக் குழி கிடையாதுன்னு சொல்லுங்க.

மணி அடிக்கப் போறீங்க, தெரியுது. பொருள் கிடங்கில் பத்திரமா இருக்கு ஐயா. அது எங்கே எப்படிக் கிடந்ததுங்கிறது வயசான சில பேரோட நினைவில்தான் இருக்கு. அவங்க இருக்கும்போதே பழைய குழியின் அறிக்கைக்கு முதல் பணம் என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு, விடை பெறுகிறேன்.