வராத பிள்ளையின் கணக்கு

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளின் வருகையைக் கவனிக்கவே தனியாக ஒரு எழுத்தர் உண்டு. ஆசிரியர் வருகை எடுத்து முடித்ததும் இவர் வேலை சூடுபிடிக்கும். யார் வரவில்லையோ அந்த வீட்டுக்குப் போன். காரணத்துக்கு ஏற்ற குறியீட்டைக் கணினியில் போட வேண்டும். கலிபோர்னியாவில் தகுந்த காரணமில்லாமல் ஓர் ஆண்டில் 3 முழு நாள் வராவிட்டால் வீட்டுக்குக் கடிதமே போகும்.

இதில் பணமும் இருக்கிறது. சேர்ந்த பிள்ளைகளை வைத்தல்ல, அன்றாடம் வந்த பிள்ளைகளின் சராசரியை வைத்தே அந்த மாநிலம் நிதி தருகிறது. நிஜமாகவே காய்ச்சலில் படுத்திருந்தாலும் அன்றைய வருகைக் கணக்கில் அந்தப் பிள்ளை சேராது. கொஞ்சம் கறார்தான்!

இதற்கு நடுவே, லீவு லெட்டரில் இருப்பது அப்பா கையெழுத்தா, பையன் கைவரிசையா என்றும் இவர்தான் பார்த்தாக வேண்டும்.