மரமும் கல்லும் அடுக்கிய மலைநாட்டு வீடுகள்



கல்லோடு கல்லைச் சாந்து வைத்து இறுகப் பிணைத்தால்தான் சுவர் நிற்கும் என்று எண்ணுவது பொதுவான வழக்கம். ஆனால் சாந்து சிறிதும் இன்றி, இரும்பு ஆணியும் பெரும்பாலும் இன்றி, மரத்தையும் கல்லையும் மாறி மாறி அடுக்கி எழுப்பிய வீடுகள் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் நாடு ஒன்று இத்தேசத்தின் வடகோடியில் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் குலு, சிம்லா, கின்னௌர் முதலிய மலைப்பகுதிகளே அவை. இவ்வகை வேலைக்கு அங்கே ‘காத்-குணி’ என்று பெயர். மரத்தாலாகிய மூலை என்பது பொருள். பெயரிட்டவர்கள் வீட்டின் உயிர்நிலை எங்கே இருக்கிறதென்று அறிந்தே இட்டனர்.

அவ்வீட்டைக் கட்டும் முறை யாதெனில், முதலில் மலைக்கல்லை அடுக்கி, தரைக்கு மேல் சில அடி உயரத்துக்கு ஒரு மேடை எழுப்புவார்கள். பனியும் மழைநீரும் மரத்தைத் தீண்டாதிருக்க இம்மேடை அவசியம். அதன்மேல், சுவரின் வெளிமுகத்தில் ஒன்றும் உள்முகத்தில் ஒன்றுமாக, வாய்ச்சியால் சதுரமாகச் செதுக்கிய இரண்டு நீண்ட தேவதாரு மரங்களைக் கிடத்துவார்கள். இரண்டையும் இடையிடையே குறுக்குக் கட்டைகளால் இணைப்பார்கள். பார்வைக்கு அது தரையில் கிடத்திய ஏணி போலிருக்கும். ஏணியின் இடைவெளிகளில் சிறுகற்களை இட்டு நிரப்புவார்கள். அதன்மேல் ஒரு கல்வரிசை. கல்வரிசையின் மேல் மீண்டும் ஓர் ஏணி. இவ்வாறே சுவர் ஏறுகிறது. மூலையில் இரு பக்கத்து மரங்களும் ஒன்றன்மேல் ஒன்று காடி வெட்டிப் பொருந்தி, மரமுளையால் பூட்டப்படுகின்றன. நான்கு மூலைகளும் இவ்விதம் பூட்டப்பட்டபின், ஒவ்வொரு மரவரிசையும் வீட்டைச் சுற்றி இறுக்கிய ஒட்டியாணம் போலாகிறது. உயரே செல்லச் செல்லக் கல் குறைந்து மரம் மிகும். பாரமானது கீழே, இலேசானது மேலே என்ற இந்தக் கணக்கை எந்தப் பாடசாலையும் அம்மலைத் தச்சர்களுக்குக் கற்பித்ததில்லை.

1905-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி காலை, ஜனங்களில் பலர் இன்னும் படுக்கையை விட்டு எழாத வேளையில், காங்கிராப் பள்ளத்தாக்கைப் பெரும் பூகம்பம் ஒன்று உலுக்கியது. ஏறக்குறைய இருபதாயிரம் பேர் மாண்டனர். பச்சைச் செங்கல்லாலும் மண்ணில் பதித்த கல்லாலும் கட்டிய வீடுகள் உறங்கியவர்கள் மீதே சரிந்தன. பழமையான காங்கிராக் கோட்டையும் வஜ்ரேசுவரி ஆலயமும் இடிந்தன. குலுவின் பழைய தலைநகராகிய நக்கரில் அரசர் கட்டிய மரக்கல் மாளிகையோ பெருஞ்சேதமின்றி நின்றது, இன்றும் நிற்கிறது. பஞ்சார்ப் பக்கத்துச் செஹ்னி என்னும் ஊரிலுள்ள உயர்ந்த கோபுரவீட்டின் மேலடுக்குகள் சில அப்பூகம்பத்தில் வீழ்ந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் எஞ்சிய அடுக்குகள் இன்றும் அவ்வூருக்கு மேலாக ஓங்கி நிற்கின்றன. 1991-ஆம் ஆண்டு அக்டோபரில் உத்தரகாசியில் பூமி அதிர்ந்து பல நூறு பேர் மடிந்தபோதும், இதே குலத்தைச் சேர்ந்த பழைய பலமாடி மரக்கல் வீடுகள் தாங்கி நின்றதைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டனர்.

இதன் காரணம் விசித்திரமானதன்று. சாந்தால் இறுகிய சுவருக்கு அசைய இடமில்லை. அதிர்ச்சி மிகுந்தால் அது வெடித்தே தீரும். சாந்தில்லாக் கற்களோ ஒன்றோடொன்று சற்றே உராய்ந்து நகர்ந்து, அதிர்ச்சியின் வேகத்தைத் தமக்குள் தின்றுவிடுகின்றன. அவை வெளியே சிதறாதபடி மர ஒட்டியாணங்கள் காக்கின்றன. கூரையிலுள்ள கனத்த பலகைக்கற்கள் மேலிருந்து அழுத்துவதால் வரிசைகள் தம் இடத்திலேயே அமர்கின்றன. கதவும் சாளரமும் மிகச் சிறியவை. குனிந்தே உள்ளே போக வேண்டும். விருந்தாளிக்கு இது வருத்தமாயினும் சுவருக்கு அது பலம். பூகம்பப் பிரதேசங்களில் செங்கல், கல் கட்டடங்களுக்கு அடிமட்டத்திலும் கதவுநிலைக்கு மேலும் கூரையடியிலும் சுற்றுப்பட்டை இட வேண்டுமென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 4326-ஆம் எண் விதி சொல்லுகிறது. மலைத் தச்சன் அப்பட்டையை மூன்று இடத்தில் அல்ல, சில அங்குலங்களுக்கு ஒரு முறை இட்டான்.

குடியிருப்பின் ஸௌகரியமும் கவனிக்கத்தக்கது. கீழ்நிலை மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தொழுவம். நடுவில் தானியமும் கம்பளமும். மேல்நிலையில் மனிதர் வாசம். கால்நடைகளின் உடற்சூடு பலகைத் தளத்தின் வழியே மேலெழுந்து, பனிக்கால இரவுகளில் குடும்பத்தைக் காக்கும். மேல்நிலையில் சுவருக்கு வெளியே நீட்டிய மரத் தாழ்வாரத்தில் வெயில் நன்றாக விழும். பெண்கள் தறி நெய்வதும் கிழவர்கள் குளிர்காய்வதும் அங்கேதான். மாலை வெயிலில் கறுத்த மரவரிசைகளும் சாம்பல் நிறக் கல்வரிசைகளும் கோடிட்டாற்போல் தோன்றும் அழகைக் கண்டவர், இவ்வழகு தனியே சேர்க்கப்பட்டதன்று, வேலையின் ஒழுங்கே என்பதை உணர்வர்.

குறை இல்லாமலில்லை. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் மலாணா என்னும் ஊரில் பற்றிய தீ, நெருங்கி நின்ற மரவீடுகளையும் கோயில்களையும் சேர்த்து எரித்தது. அதனினும் பெரிய சங்கடம் மரமே. வைரம் பாய்ந்த தேவதாரு கரையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடங்கொடாது. அக்குணத்தாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதைக் கட்டைகளுக்காகக் காடு காடாக வெட்டப்பட்டது. பின்னர் 1878-ஆம் ஆண்டின் வனச்சட்டம் வந்து, குடியானவன் தன் முப்பாட்டன் வெட்டிய அதே காட்டில் அனுமதிச் சீட்டுக்குக் காத்து நிற்கும் நிலை ஏற்பட்டது. உரிமையுள்ளவர்களுக்குச் சலுகை விலையில் மரம் அளிக்கும் ஏற்பாடு பிற்காலத்திலும் தொடர்ந்ததாயினும், கிடைக்கும் அளவு ஒரு முழு மரக்கல் வீட்டுக்குப் போதாது. காட்டைக் காக்கவும் வேண்டும். வீட்டைக் கட்டவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட குடியானவன் சிமெண்டு மூட்டையை நாடினான் என்றால் அவனைக் குறை கூறுவது நியாயமன்று.

குறை கூறத்தக்கது வேறொன்று. சிமெண்டு வந்தது, அதைக் கையாளும் விதிகள் கூட வரவில்லை. மெலிந்த தூண்கள்மேல் நான்கைந்து மாடிகள் சரிவின் விளிம்பில் எழுந்தன. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் குலு மாவட்டம் ஆனியில் அத்தகைய பல கட்டடங்கள் சில நொடிகளில் சரிந்து விழுந்தன. அபாயம் முன்கூட்டியே தெரிந்து காலி செய்திருந்ததால் உயிர்கள் தப்பின. மலையே வழுக்கினால் மரக்கல் வீடும் நில்லாது என்பது மெய்தான். ஆனால் பழைய ஊரார் உறுதியான பாறையைத் தேடியே மனை வகுத்தார்கள்.

அம்மலைகளில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது மரத்தை எறிவதில்லை. சாந்து ஒட்டாத கல்லும், முளையைத் தட்டினால் கழன்று வரும் மரமும் புதுவீட்டுக்கு அப்படியே உதவுகின்றன. புதிதாக ஒரு தேவதாருவும் வீழ்த்தாமல், பாட்டன் வீட்டின் உத்தரங்களைக் கொண்டே பேரன் வீடு கட்டலாம். அதற்கு வேண்டியது காடி வெட்டத் தெரிந்த தச்சன். அத்தகைய கைகள் ஊருக்கு ஒன்றிரண்டாகக் குறைந்து வருகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் பட்டணத்தில் வேறு வேலை பார்க்கிறார்கள்.